மட்டைக்கார அண்ணனுக்கு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சீசன் தொடங்குவதற்கு முன் இந்தியாவிலிருந்து ஒரு கிரிக்கெட் அணி பயிற்சி முகாமுக்காகத் துபாய் வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை மட்டும் வலைப்பயிற்சியைப் பொதுமக்கள் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தார்கள்.

2. அந்த அணியின் வேகப்பந்து வீச்சாளர்களில் ஒருவர் அம்மாவின் ஊர்க்காரர்.

3. அவரைச் சின்னப் பையனாக இருந்ததிலிருந்தே தெரியும் என்று அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பல வருடங்களாகச் சொல்லிவந்தார். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

4. ராஸ் அல் கைமாவில் மாமா வேலை பார்த்த டைல்ஸ் கம்பெனி அவருடைய விசாவைப் புதுப்பிக்கவில்லை. ஊருக்கு ஒருவழி டிக்கெட் கொடுத்துவிட்டது.

5. கிளம்புவதற்கு முன் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார்.

6. குடும்பமாகப் போவதென்று முடிவானது. திட்டம் போடும் வேலை என்னிடம் வந்தது.

7. மாமாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்.

எண் போட்டு எழுதுவது வேலையில் வந்த பழக்கம். ஷார்ஜாவில் ஒரு நிறுவனத்தில், தொழிற்சாலைகளிலிருந்து வரும் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். அதனால் வீட்டில் எங்கே போவதென்றாலும் திட்டம் என்னுடையது. அப்பா கார் ஓட்டுவார். அம்மா சாப்பாடு கட்டுவாள். ப்ளஸ் டூ படிக்கும் தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருவாள்.

மாமா அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வருகிறவர். விடுமுறை நாளில் ராஸ் அல் கைமாவிலிருந்து ஷேர் டாக்ஸியில் வந்து இறங்குவார். மீன் குழம்பை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, புளி தூக்கலாக இருக்கிறது என்பார். ஊரிலிருக்கும் மாமியிடம் போனில் பேசும்போது பாதிப் பேச்சு அதட்டலாக இருக்கும். என்னைப் பார்த்தால், "இன்ஜினியரம்மா, மிசினுக்கெல்லாம் சர்டிபிகேட் குடுக்கே, ஒனக்கு எவன் வந்து குடுக்கப் போறான்?" என்று கேட்காமல் போனதில்லை. கல்யாணம் ஆகாததைச் சொல்கிறார். நல்ல மனிதர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை.

அப்பா ஒரு கட்டுமானப் பொருள் கம்பெனியில் கணக்குப் பிரிவு மேலாளர். மாமாவுக்கு முதன்முதலில் விசா எடுத்துக் கொடுத்தது அவர்தான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவர் மாமாவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

போன பொங்கலன்று எங்கள் கட்டடத்துப் பொது அறையில் எல்லோரும் கூடியிருந்தோம். அப்பாவின் மேலதிகாரியும் வந்திருந்தார். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போனது. அந்த வீச்சாளரின் பெயர் வந்ததும் மாமா வடைத் தட்டைக் கீழே வைத்தார்.

"அவன் நம்ம பயதான் சார். எங்கூர் மில்லு கிரவுண்டுல எங்கூடத்தான் வெளையாடுவான். நான் பேட்டு புடிச்சு நிப்பேன், அவன் போட்டுக்கிட்டே இருப்பான். பந்து போடவே எங்கிட்டதான் படிச்சான்."

"அப்படியா? அப்ப ஒரு போன் போடுங்களேன், பொங்கல் வாழ்த்து சொல்லுவோம்" என்றார் மேலதிகாரி.

ஊரில் யாரோ கொடுத்த நம்பர் மாமாவிடம் இருந்தது. போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள், அதையும் செய்தார். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் ஓய்ந்தது. மூன்றாவது தடவை பதிவு செய்த பெண்குரல், அந்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அப்பா. அன்றிலிருந்து மாமாவுக்கு எங்கள் வீட்டில் பெயர் 'பி.ஏ. சார்'. வீச்சாளரின் பி.ஏ.

"என்ன பி.ஏ. சார், ஒங்க ஆளு நேத்து வெக்கெட்டே எடுக்கலியே. நீங்க சொல்லிக் குடுக்கலியா?"

"பி.ஏ. சார் இல்லாம அவரு சாப்பிடக்கூட மாட்டாராம்லா."

மாமா சிரித்துக்கொண்டேதான் இருப்பார். ஆனால் அணி துபாய்க்கு வருகிறது என்ற செய்தி வந்த அன்றே எனக்கு போன் செய்தார். விசா ரத்தான செய்தியைச் சொல்ல அவ்வளவு அவசரப்பட்டதில்லை. "பாப்பா, நீ எப்படியாவது ஏற்பாடு பண்ணு. கம்பெனிக்காரன் போன்னுட்டான், போறேன். அது போகட்டும். அத்தான் முன்னால அந்தப் பய எங்கிட்ட ஒரு வார்த்த பேசணும். நான் கத விடுதவன் இல்லன்னு தெரியணும். அப்புறம் நான் பாட்டுக்கு பிளைட் ஏறிருவேன்."

திட்டம் போட்டேன். கிளம்ப வேண்டிய நேரம், வண்டி நிறுத்தும் இடம், தங்கைக்குத் தொப்பி, கையெழுத்து வாங்க மார்க்கர் பேனா, அம்மா உட்கார மடக்கு நாற்காலி. கார் ஐந்து பேர் உட்காரக்கூடியது. நாங்கள் நான்கு பேர். ஐந்தாவது இருக்கைக்கு நேராக 'மாமா' என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அப்பா போனைத் தள்ளி வைத்துப் பிடித்துக்கொண்டு அறிவிப்பைப் படித்தார். கடைசி வரி அவர் கண்ணில் பட்டது. குடும்பங்களுக்கு மட்டும் அனுமதி.

இந்த வளைகுடாப் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஒரு கணக்கு உண்டு. மனைவி மக்களை இங்கே வாடகை வீட்டில் வைத்துக் குடித்தனம் நடத்துகிறவன் ஃபேமிலி. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தொழிலாளர் கேம்ப்பில் கிடப்பவன் பேச்சலர். பேரன் எடுத்திருந்தாலும் பேச்சலர்தான். வீட்டு வாடகை விளம்பரத்திலிருந்து சில பூங்காக்களின் வாசல் வரைக்கும் இதுதான் நடைமுறை. மாமாவுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் பாலிடெக்னிக் படிக்கிறான். மாமா பேச்சலர்.

"அப்ப ஒன் தம்பி வர முடியாது" என்றார் அப்பா. குரலில் வருத்தம் இல்லை.

"அக்கா குடும்பத்தோட வாரவன யாரு என்ன கேக்கப் போறா?" என்றாள் அம்மா.

"மூஞ்சியப் பாத்தாலே கேம்ப்புன்னு எழுதி ஒட்டுன மாதிரி இருக்கும். அவன் ஒருத்தனால அஞ்சு பேரையும் திருப்பி அனுப்புவான் செக்யூரிட்டி."

தங்கை போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாமா அங்க நின்னு பேரச் சொல்லிக் கத்துவாங்க. அந்த ப்ளேயர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். எவ்ளோ எம்பாரஸிங்கா இருக்கும்."

"அதுவும் இருக்குல்ல" என்றார் அப்பா.

அம்மா தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். மாமாவிடம் சொல்வது யார் என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அப்பா அம்மாவைச் சொல்லச் சொன்னார். அம்மா, திட்டம் போட்டவள் நீதானே என்று என்னைப் பார்த்தாள். அழைத்து வருவது மட்டும்தான் என் திட்டத்தில் இருந்தது, தடுப்பது இல்லை என்றேன். ஆக, யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் மாமா வந்து நின்றார். முடி வெட்டியிருந்தார். தலைக்கு மை போட்டிருந்தார். வலது காது ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சட்டை புதிது, அட்டைப் பெட்டியில் மடித்த கோடுகள் நெஞ்சில் அப்படியே தெரிந்தன. கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி, ரிப்பன் கட்டியது.

"பயலுக்கு" என்றார். "வெறுங்கையோடயா போறது?"

அப்பா சோபாவிலிருந்து எழவில்லை. "மாப்ள, ஒரு சிக்கலு. ஃபேமிலிக்கு மட்டும்தானாம்."

"நான் என்ன ரோட்டுல போறவனா அத்தான்? அக்கா கூட வாரேன்."

"அது ஒனக்குந் தெரியும் எனக்குந் தெரியும். கேட்டுல நிக்கவனுக்குத் தெரியுமா? ஐ.டி. கேட்டா என்னத்தக் காட்டுவ? ஒன் விசாவே கேன்சல்ல கெடக்கு. போற நேரத்துல ஏதாவது வம்பாச்சுன்னா நான் வந்து நிக்க மாட்டேன், பாத்துக்க. விசா எடுத்துக் குடுத்தது ஒரு தடவ போதும்."

விசா ரத்தானாலும் ஊருக்குப் போக இன்னும் அவகாசம் இருந்தது, ஐ.டி. கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கேம்ப்பில் இருக்கிறவர்களை அந்த இரண்டு எழுத்து அடக்கிவிடும். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா டிபன் டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மூடியிருந்தது.

"ஏசி சர்வீஸ்காரன் வேற வாரேன்னிருக்கான்" என்றார் அப்பா. "வீட்ல ஒரு ஆளு இருந்தா நல்லதுதான்."

"சோறு இருக்கு, போட்டுச் சாப்பிடுப்பா" என்றாள் அம்மா, மூடியைப் பார்த்தபடியே.

மாமா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நெசமாவே அப்படிப் போட்டிருக்கா?"

அறிவிப்பை எடுத்துக் காட்டினேன். ஆங்கில வரியை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். பேரீச்சம்பழப் பெட்டியையும் என் கையில் கொடுத்தார்.

"இத அவங்கிட்ட குடுத்துரு. நிச்சயமா என்னியக் கேப்பான். என்ன கேட்டான்னு வந்து அப்படியே சொல்லணும். அத்தான் இருக்கையில சொல்லணும், என்ன?"

மைதானத்து வாசலில் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு மினி பஸ்ஸிலிருந்து ஒரே நிறத்தில் கம்பெனி டீ-ஷர்ட் போட்ட ஆண்கள் இறங்கினார்கள். ஒரு பெண்கூட அவர்களோடு இல்லை. காவலாளி, "யல்லா, யல்லா" என்று கையை வீசி அவர்களை உள்ளே அனுப்பினார். அம்மா அதைப் பார்த்தாள். அப்பா எதிரே இருந்த குளிர்பான விளம்பரத்தைப் பார்த்தார்.

வலைப்பயிற்சி பார்க்கிறவர்களுக்கு என்று ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கும் வலைக்கும் நடுவில் பத்தடி இருக்கும். டிவியில் பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பந்து மட்டையில் படும் சத்தம் காதைத் தாண்டி நெஞ்சில் விழுந்தது. அந்த வீச்சாளர் நான் நினைத்ததைவிட ஒல்லியாக இருந்தார். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் தலையைக் குனிந்துகொண்டே திரும்பி நடந்தார்.

"தம்பி, நாங்க ஒங்க ஊரு!" என்று அப்பா கத்தினார். கயிற்றோரம் இன்னும் நான்கைந்து பேர் அதையே கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பவில்லை. அப்பா மறுபடி கத்தினார். தங்கை தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டாள். மாமா கத்துவார் என்று பயந்தவள்.

தண்ணீர் குடிக்க அவர் கயிற்றுப் பக்கம் வந்தபோது அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். காலையிலிருந்து அதிகம் பேசாதவள், சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"மில்லுக்குப் பின்னால கிரவுண்டு. பேட்டு வச்சிருந்தவன் எந்தம்பி."

பாட்டில் அவர் வாயருகே நின்றது.

"மட்டக்கார அண்ணனா?"

"அவந்தான்."

அவர் சிரித்தார். விளம்பரத்தில் சிரிப்பதைப் போன்ற சிரிப்பு இல்லை. "இன்னும் அவுட் ஆகலியா அவரு?" என்று கேட்டார். கயிற்றோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பேட்டு அவரோடது. அதனால அவரு அவுட்டே ஆக மாட்டாரு. போல்டு ஆனா நோ-பால்ம்பாரு. நாள் பூரா போடணும். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எனக்குப் பேட்டிங் குடுத்ததில்ல. அவராலதான் நான் பவுலர் ஆனேன், தெரியுமா?" கயிற்றோரம் ஒரு முகம் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். "எங்க அவரு? வந்திருக்காரா?"

"அவனுக்கு டூட்டி தம்பி. லீவு கெடைக்கல" என்றார் அப்பா. "நான் அவன் அத்தான். நாந்தான் அவன இங்க கொண்டாந்தது."

"கேட்டேன்னு சொல்லுங்க. இன்னும் அவுட் ஆகலியான்னு கேட்டேன்னு அப்படியே சொல்லுங்க."

காலடியில் கிடந்த பந்துகளில் ஒன்றை எடுத்தார். அப்பா மார்க்கரை நீட்டினார். "அவரு பேரு என்ன? பேரே தெரியாது எங்களுக்கு" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் எழுதினார். மட்டக்கார அண்ணனுக்கு. கீழே கையெழுத்து. பந்தை அம்மாவிடம்தான் நீட்டினார். வாங்கியது அப்பா.

பேரீச்சம்பழப் பெட்டி காரின் பின்சீட்டிலேயே இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா ரிப்பனைப் பிரிக்கச் சொன்னார். நல்ல பழம் என்றார்.

கதவைத் திறந்தபோது மாமா அதே சட்டையில், அதே சோபாவில் இருந்தார். சோற்றைத் தொடவில்லை. ஏசிக்காரன் வரவில்லை என்றார். அவனை அப்பா கூப்பிடவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

"என்ன அத்தான், பாத்தீங்களா? பேசினானா?"

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "எங்க? கிட்டயே விடல. ஒங்க ஆளு திரும்பிக்கூடப் பாக்கல, பி.ஏ. சார்."

"அப்பா, ஆனா அவர்..." என்று தங்கை தொடங்கினாள். அப்பா பார்த்த பார்வையில் தன் அறைக்குப் போய்விட்டாள். அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பந்து அப்பாவின் தோள்பையில் இருந்தது. பை நாற்காலியில் தொங்கியது. மாமா அந்த நாற்காலியைத் தாண்டிப் போய்த்தான் தன் செருப்பைப் போட்டார்.

"கூட்டம்னா அப்படித்தான்" என்றார். "பெரிய ஆளாயிட்டான்லா."

டாக்ஸி ஸ்டாண்டு வரை நான் காரில் கொண்டுவிட்டேன். கட்டடத்து வாகன நிறுத்தத்தைத் தாண்டியதும் நடந்ததை அவர் கேட்டபடியே சொன்னேன், வார்த்தை மாறாமல். மட்டக்கார அண்ணன். நோ-பால். ஒரு நாள்கூடப் பேட்டிங் கொடுக்காதது. இன்னும் அவுட் ஆகலியா என்று கேட்டது.

வேலை போன மனிதரிடம் சொல்லக்கூடிய செய்தி இல்லை. ஆனால் மாமா டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் சொன்னேம்லா? சொன்னேம்லா? களவாணிப்பய, நோ-பாலைக்கூட ஞாபகம் வச்சிருக்கான். அது நெசமாவே நோ-பால்தான் பாப்பா. கோட்டத் தாண்டிக் கால வைப்பான்." மறுபடி சிரித்தார். என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

சிக்னலில் நின்றபோது சிரிப்பு குறைந்திருந்தது.

"அத்தான் பக்கத்துல நின்னாரா, இதக் கேக்கும்போது?"

"நின்னாங்க."

"அக்கா?"

"அம்மாதான் பேசுனாங்க. அவங்க சொல்லித்தான் அவருக்குத் தெரிஞ்சுது."

பந்தைப் பற்றியும் சொன்னேன், அதில் எழுதியிருந்ததையும். பச்சை விழுந்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வாங்கித் தரவா மாமா?"

"வேண்டாம். நீ கேக்காத. அக்காவையும் கேக்க வேண்டாம்னு சொல்லு." ஸ்டாண்டில் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் ஊருக்குப் போறதுக்கு இன்னும் நாள் இருக்கு. அத்தானே கொண்டாந்து குடுக்கட்டும். ஒரு வார்த்த சொல்ல வேண்டாம். பந்தக் கையில குடுத்தாப் போதும்." பிறகு ஷேர் டாக்ஸிகளைப் பார்த்தபடி சொன்னார்: "நீயும் வீட்ல வச்சு சொல்லல, பாத்தியா. இன்ஜினியரம்மா புத்திசாலி."

அம்மா கேட்கத்தான் செய்தாள். மாமா கிளம்புவதற்கு முந்தின நாள், பாதாமும் டேங் ஜூஸ் பொடியும் கோடாலித் தைலமும் அட்டைப் பெட்டியில் அடுக்கும்போது, பந்தையும் வைத்துவிடலாமே என்றாள்.

"எங் காரு, எம் பேனா, நான் கத்துன கத்து" என்றார் அப்பா. "அவன் என்ன செஞ்சான்? வீட்ல உக்காந்திருந்தான்."

பெட்டியை நான்தான் டேப் ஒட்டிக் கயிறு கட்டினேன். விமான நிலையத்துக்கு அப்பா வரவில்லை. தள்ளுவண்டியில் பெட்டியை ஏற்றியதும் மாமா நான்கு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். உருண்டையாக எதுவும் தட்டுப்படாது என்பது எனக்குத் தெரியும். ஒரு மூலையில் கை நின்றது. அது தைல பாட்டில். அம்மாவிடம், "வாரேங்க அக்கா" என்றார். அவளிடம் அவர் ஒருபோதும் 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசியதில்லை. வா, போ என்றுதான் பேசுவார். அம்மா அங்கேயே அழத் தொடங்கிவிட்டாள். மாமா வரிசையில் போய் நின்றார். திரும்பவில்லை.

இப்போது நிலவரம் இது. பந்து எங்கள் வீட்டு ஷோகேஸில், தங்கையின் பள்ளிக் கோப்பைக்குப் பக்கத்தில், எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிறது. யாராவது வந்தால், தன் கையில் நேரில் கொடுத்தான் என்று அப்பா சொல்கிறார், அது உண்மைதான். மாமா ஊரில் இருக்கிறார், இன்னும் வேலை கிடைக்கவில்லை. தானும் அன்று வலைக்குப் பக்கத்தில் நின்றதாகவும், அவன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டதாகவும் அங்கே சொல்லி வருகிறார் என்று மாமி மூலம் கேள்விப்பட்டேன். அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருக்கு போன் செய்கிறாள். மணி முழுக்க அடித்து ஓய்கிறது. நான் போட்டாலும் அவர் எடுப்பதில்லை.